கரையேறாத பாட்டு

எங்கள் மெல்லிசைக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வாசிக்கிற கருவிதான் பெயர். குழுவின் உரிமையாளர் ரிதம் பேடு வாசிப்பார்; அவர் பேடண்ணன். கீபோர்டு வாசிக்கிறவர் கீபோர்டக்கா. பாடுகிற எனக்கு மைக் என்று பெயர் வந்திருக்க வேண்டும். தமிழில் எம்.ஏ. முடித்தவன் என்பது முதல் நாளே தெரிந்துபோனதால் ‘வாத்தியாரு’ என்று வைத்துவிட்டார்கள். ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காத வாத்தியார் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். அம்மா நடவு ஆள். அப்பா வாய்க்கால் வெட்டுவார், கதிர் அறுப்பார். அறுப்பு இயந்திரம் வந்த பிறகு நெல் மூட்டை ஏற்றப் போனார். என் பட்டமளிப்புப் படம் சட்டம் போட்டு டிவிக்கு மேலே தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் கச்சேரிக் குழுவில் சேரப்போகிறேன் என்று சொன்னேன்.

“இதுக்கா படிச்ச?” என்றார் அப்பா.

“அம்புட்டு சினிமாப் பாட்டையும் மனப்பாடம் பண்றதுக்கு ஒரு படிப்பு வேணும்ல,” என்றாள் அம்மா. எனக்காகப் பேசினாளா, அவரோடு சேர்ந்து கிண்டல் செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சினிமாப் பாட்டுத்தான் எங்கள் பிழைப்பு. கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் திருவிழா, பொங்கல் விழா. பாட்டு அச்சு அசலாக இருக்க வேண்டும். படத்தில் நாயகன் நடுவில் இருமினால் நானும் இரும வேண்டும். அதை நான் நன்றாகவே செய்தேன். ஜிகினா வைத்த சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நின்றபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் குழுவில் சேர்ந்தது அதற்காக இல்லை. எங்கள் தெரு ஜனங்களைப் பற்றி, அவர்கள் பேச்சிலேயே, ஆடவும் தோன்றுகிற மாதிரி ஒரு சொந்தப் பாட்டை மேடையேற்ற வேண்டும். பாடுகிறவன் என்பதோடு பாட்டுக் கட்டுகிறவன் என்றும் என்னைச் சொல்ல வேண்டும். அந்த ஆசை ஒன்றுதான் எனக்கு இருந்தது.

பேடண்ணன் தன் வீட்டுப் பழைய மாட்டுக் கொட்டகையை ஒத்திகை இடமாக மாற்றி வைத்திருந்தார். அங்கேதான் என் முதல் பாட்டைப் பாடிக் காட்டினேன். ‘உழைக்கும் கரங்களே, ஒளியின் சிகரங்களே’ என்று ஆரம்பிக்கும். பல்லவி முடிவதற்குள் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“வாத்தியாரே, இது பாட்டா, மாநாட்டுத் தீர்மானமா?”

“கருத்துள்ள பாட்டுண்ணே.”

“கருத்து இருக்கட்டும்யா. காலு எங்க? கேக்குறவனுக்கு மொதல்ல காலு ஆடணும். அப்புறந்தான் தலை ஆடும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்று வீட்டுக்கு வருகிற வழியிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டை எங்கள் தெருவில் ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். அதில் கரம் இருந்தது, எங்கள் அம்மாவின் கை இல்லை.

நான் தேடிய கால் கீபோர்டின் ஒரு பொத்தானில் இருந்தது.

பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மதியப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்கால வரவேற்புக்காக நான் மைக் சோதித்துக்கொண்டிருந்தேன். கீபோர்டக்கா எந்தத் தாளத்தையோ தேடப்போய் வேறு எதையோ அழுத்திவிட்டார். புதிதாக ஒரு நடை கிளம்பியது. அடி விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்தது. காத்திருக்காமல் முந்திக்கொண்டு வந்தது. எனக்கு அது தெரிந்த நடை. சேற்றில் நட்டுக்கொண்டே போகிறவர்கள் காலை வைப்பதற்கு முன்னால் காலை உருவியாக வேண்டும். உருவுகிற சளக்கென்ற சத்தம்தான் முதலில் கேட்கும். மிதிக்கிற சத்தம் அப்புறம்.

“அக்கா, நிறுத்தாதீங்க. என்ன தாளம்க்கா இது?”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையைப் படித்தார். “சல்சான்னு போட்டிருக்கு.”

“அது வெளிநாட்டு டான்ஸுல்ல,” என்றார் பேடண்ணன். “டிவில பாத்திருக்கேன். பொம்பளையத் தூக்கிச் சுத்துவான். நம்ம ஊர்ல எவனாவது சுத்துனா இடுப்பு புடிச்சுக்கும்.”

கீபோர்டக்கா வேளாங்கண்ணிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். சாயங்காலம் எங்களோடு குத்துப்பாட்டுக்கு வாசிப்பார். “ஆண்டவருக்கு ரெண்டுந்தான் கேக்குது,” என்பார். அன்று ஊர் திரும்பும்போது வேனில் அவர் போனில் சல்சாப் பாட்டுகளைத் தேடிப் போட்டார். மொழி புரியவில்லை. கீழே ஓடிய மொழிபெயர்ப்பைப் படித்துப் படித்து எனக்குச் சொன்னார். நான் ஆட்டத்துக்கான பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் கரும்பு வெட்டுகிறவன் வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் வந்தான். ஊரை விட்டுப் பிழைக்கப்போய், பெரிய நகரத்தில் தாய்க்குக் காசு அனுப்ப முடியாமல் தவிக்கிற ஒருத்தன் வந்தான். அத்தனை துக்கத்துக்கும் ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவனைப் பற்றிக் கேட்டபோது அப்பா ஞாபகம் வந்தது. கடல் தாண்டி எவனோ எங்கள் வீட்டைப் பற்றி ஏற்கெனவே பாடி வைத்திருக்கிறான். நாம் ஏன் சும்மா இருக்கிறோம் என்று தோன்றியது.

பாட்டுக்கு வார்த்தை தேடிப் போகவில்லை. அது எங்கள் வீட்டிலேயே இருந்தது.

நடவு முடிந்து வயலை விட்டு வெளியே வருவதை எங்கள் பக்கத்தில் கரையேறுவது என்பார்கள். அம்மா சின்னப் பெண்ணாக நடவுக்குப் போன காலத்தில் யார் கையிலும் கடிகாரம் இல்லை. பண்ணையின் ஆள் ஒருவர் கறுப்புக் குடையோடு வரப்பில் நிற்பார். வெயில் தணிந்து அவர் குடையை மடக்க வேண்டும். மடக்கிவிட்டு, கையை உயர்த்தி, “ம், கரையேறு” என்று சொல்ல வேண்டும். அதுவரை குனிந்த இடுப்பு நிமிரக் கூடாது. வெயில் தணியவில்லை என்றால் குடையும் மடங்காது. இப்போது அந்தக் குடைக்காரர் இல்லை. எங்கள் தெருவிலேயே பல பேர் சொந்தமாகவும் குத்தகைக்கும் சாகுபடி செய்கிறார்கள். நடுகிற பெண்கள் ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்து மணி பார்த்து, “ஏய், கரையேறலாமாடி?” என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கரையேறு என்கிற வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு எம்.ஏ. ரிசல்ட் வந்த அன்று, “எம் புள்ள கரையேறிட்டான்” என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னதும் அதே வார்த்தையில்தான்.

ஒரே மூச்சில் எழுதினேன்.

கரையேறு கரையேறு தாயே
கால் கழுவிக் கரையேறு நீயே

இதுதான் பல்லவி. மூன்று சரணம். முதல் சரணத்தில் விடிவதற்குள் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுப் போகிறவள். இரண்டாவதில், ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி என்கிற கதை. மூன்றாவது குடைச் சரணம்.

கரைமேல நின்னவருக்குக் கறுப்புக் குடை
சேத்துல நின்னவளுக்குச் சூரியன் குடை
குடை மடங்குற நேரந்தான் கடிகாரமா?
கொண்டா அந்தக் குடையை, மடக்குவோமா?

கொட்டகையில் பாடினேன். கீபோர்டக்கா சல்சா போட்டார். இந்தத் தடவை பேடண்ணன் குச்சியைக் கீழே வைக்கவில்லை. இரண்டாவது பல்லவியிலேயே அவரும் சேர்ந்துகொண்டார். முடிந்ததும், “காலு வந்துருச்சு வாத்தியாரே!” என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலை நான் மறக்க மாட்டேன்.

“ஆனா அந்தக் குடை வேணாம்,” என்றார்.

“ஏண்ணே? அதுதானே பாட்டு.”

“நம்மளக் கூப்புடுறவங்க பாதிப் பேரு வீட்டுல அந்தக் குடை இருந்திருக்கும்யா. கல்யாண வீட்டுல போய் மாப்பிள்ளையோட தாத்தாவ இழுத்துப் பாடுனா, தாம்பூலப் பையாச்சும் குடுத்து அனுப்புவானா?”

கீபோர்டக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். முதலில் பாட்டு மேடையேறட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரிலேயே மேடையேறியது. மாட்டுப் பொங்கல் சாயங்காலம். மேடைக்கு முன்னால் பாய் விரித்து அம்மாவும் அவளோடு நடவுக்குப் போகிற பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்ற ஜனம், அதற்கும் பின்னால் பைக்கில் உட்கார்ந்தபடியே இளவட்டங்கள். நாலைந்து சினிமாப் பாட்டு முடிந்ததும் பேடண்ணன் மைக்கை வாங்கி, “இப்ப உங்க ஊர்ப் புள்ள, தானே எழுதி, தானே பாடுற பாட்டு!” என்று அறிவித்தார். விசில் பறந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சல்சா கிளம்பியது. கால்கள் ஆடுவதை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, கையை உயர்த்தி, “கரையேறு! கரையேறு!” என்று எடுத்தேன்.

முன்வரிசையில் ஒரு சித்தி எழுந்தாள். இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, “ஏய், கரையேறச் சொல்லிட்டான்டி, எந்திரிங்க எந்திரிங்க!” என்றாள். அந்த வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டே எழுந்தது. அம்மாவும் எழுந்தாள். பாயை உதறினார்கள். முன்னால் இருப்பவர்கள் எழுந்து பாயை உதறுவதைப் பார்த்தால் பின்னால் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்தார்கள். அவர்களும் எழுந்தார்கள். பைக்குகள் உறுமின. நான் அடுத்தடுத்துக் “கரையேறு” என்று பாடப் பாட ஜனம் கரையேறிக்கொண்டே இருந்தது.

பேடண்ணன் மைக்கைப் பிடுங்கி, “நிகழ்ச்சி இன்னும் முடியலீங்க! உக்காருங்க! இனிமேதான் சூப்பர் ஹிட் பாட்டெல்லாம் இருக்கு!” என்று கத்தினார். பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று போய்விட்டார்கள்.

வேனில் சாமான் ஏற்றும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “பாட்டுப் பாடிக் கூட்டம் சேத்தவன் உண்டு. பாட்டுப் பாடிக் கூட்டத்தக் கலைச்சவன் நீ ஒருத்தன்தான்யா.”

மறுநாள் காலையில் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“பெத்த புள்ள பாடுறப்ப எந்திரிச்சுப் போறியே, நல்லாருக்காம்மா?”

“நீதானடா ஏறுன்ன. ஏறுனோம்.”

“அது பாட்டும்மா!”

“பாட்டுன்னு புத்திக்குத் தெரியுது. இடுப்புக்குத் தெரியலையே. அந்தச் சொல்லு காதுல விழுந்தா இது தானா நிமிருது,” என்று ஈரக் கையால் தன் இடுப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். பிறகு, “நல்லாத்தான் இருந்துச்சு சாமி. நீ கைய ஒசத்துனதுதான் அந்தாளு மாதிரியே இருந்துச்சு,” என்றாள்.

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

பேடண்ணன் வேறு தீர்வு வைத்திருந்தார். “அந்த ஒரு வார்த்தைய மாத்திரு. முன்னேறு முன்னேறுன்னு போடு. சந்தத்துக்கும் சரியா வருது.”

“நடவுல யாருண்ணே முன்னேறுறா? பின்னாலல்ல போவாங்க.”

அவர் என்னை முறைத்தார். “அப்ப சொந்தப் பாட்ட மூட்டை கட்டு. சினிமாப் பாட்டுக்கு நீ போதும், நல்லாப் பாடுற. நான் குழு நடத்தணும்.”

அதற்குப் பிறகு பல மேடைகளில் நான் படத்து இருமலை இருமிக்கொண்டிருந்தேன். பாட்டுக் கட்டுகிறவன் என்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒன்று குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு பாட்டைக் கேட்டு ஒரு வரிசைப் பெண்களின் இடுப்பு நிமிர்ந்திருக்கிறது. எந்தப் பாடகனுக்கு அப்படி நடந்திருக்கிறது? அந்த வார்த்தையில் ஒரு தப்பும் இல்லை. நான் நின்று சொன்ன இடத்தில்தான் தப்பு. உயரத்தில் நின்றுகொண்டு, கையை ஓங்கி, ஏறு என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

கொட்டகையில் ஒருநாள் இதைக் கீபோர்டக்காவிடம் சொன்னேன். பேடண்ணன் டீ வாங்கப் போயிருந்தார்.

“நீ ஏன் அவங்களுக்குச் சொல்ற?” என்றார் அவர். “கேளு. எங்க பூசையில பதிலுரைப் பாடல்னு ஒண்ணு உண்டு. ஒருத்தர் பாடுவாங்க, சனங்க பதில் சொல்லுவாங்க. சனங்க வாயத் தொறந்தாத்தான் அது பாட்டு. இந்த சல்சாவும் அப்படித்தானே இருக்கு? முன்னாடி நிக்கிறவன் ஒரு வரி விடுறான், பின்னாடி எல்லாரும் ஒரே பதிலச் சொல்லிட்டே இருக்காங்க. நீதான் முழுசையும் நீயே பாடுற.”

கை தானாகப் பேனாவைத் தேடியது. வயலில் பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிற மாதிரியே எழுதினேன். இப்போது நான் கேட்கிறவன் மட்டும்தான்.

பொழுது சாயுது, கரையேறலாமா?

பதில் அவர்களுடையது.

ஏறல ஏறல, இன்னும் ஏறல!

கூலி குறைச்சலா, ஏறல. பஸ் வராத ஊரா, ஏறல. மழையில் நனைந்த நெல்லை வாங்க மாட்டேன் என்கிறானா, ஏறல. ஒவ்வொரு சரணத்துக்கும் அந்த ஒரே பதில் பொருந்தியது. கடைசியில் மட்டும் கீபோர்டக்கா மைக்கில் “ஏறியாச்சு!” என்பார், பாட்டு முடியும். குடைச் சரணத்தையும் அதற்கேற்ப மாற்றி எழுதினேன். ஆனால் மேடைக்கு என்று எடுத்த தாளில் அதைச் சேர்க்கவில்லை.

பேடண்ணன் டீயோடு வந்து நின்று கேட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்: “நன்னிலம் பக்கம் ஒரு திருவிழா இருக்கு. அங்க ஒரே ஒரு தடவ பாடிக்க. கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா, அதோட இந்தப் பேச்ச நீயும் எடுக்கக் கூடாது, நானும் எடுக்க மாட்டேன்.”

நன்னிலம் பக்கத்து அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. வயல் நடுவில் ரோடு, ரோட்டோரம் கோயில், எதிரே மேடை. இன்னும் முழுக்க இருட்டவில்லை. நாற்காலிகளில் ஆண்கள். முதல் நாற்காலியில் விழாக் குழுத் தலைவர், வெள்ளை வேட்டி, மடியில் போன். பெண்கள் ஒரு பக்கமாகத் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே, ஒருவர் முதுகு இன்னொருவருக்குச் சாய்மானமாக, நடவு ஆட்கள் என்று தெரிந்தது. தலைவர் ஆரம்பத்திலேயே பேடண்ணனைக் கூப்பிட்டு, “கட்சிப் பாட்டு, சண்டை இழுக்குற பாட்டு எதுவும் வேணாம் தம்பி” என்று சொல்லியிருந்தார். பேடண்ணன் அதை என்னிடம் சொல்லி, ஒரு பார்வையும் பார்த்தார்.

என் முறை வந்தது. இந்தத் தடவை மேடையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“அக்கா, சின்னம்மா, எல்லாரும் கேளுங்க. நான் கரையேறலாமான்னு கேப்பேன். நீங்க ஏறலன்னு சொல்லணும்.”

தார்ப்பாயிலிருந்து ஒரு குரல்: “எதுல ஏறல? பஸ்லயா?”

“எங்கூருக்கு பஸ்ஸு வந்தாத்தானடி ஏறுறதுக்கு!” என்று இன்னொரு குரல். ஒரே சிரிப்பு. பேடண்ணன் சிரிப்பு அடங்குவதற்குள் தாளத்தை எடுத்துவிட்டார். அவர் கெட்டிக்காரர்.

“பொழுது சாயுது, கரையேறலாமா?”

பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள். இரண்டாவது தடவை சில பெண்கள், வாயைப் பொத்திக்கொண்டு. கூலிச் சரணம் முடிந்ததும் கேட்டேன். தார்ப்பாய் முழுக்க ஒன்றாக “ஏறல!” என்றது. கைகளை ஆட்டிக்கொண்டு, மண்டையை ஆட்டிக்கொண்டு, யாரையோ எதிரில் நிறுத்தி வைத்துச் சொல்கிற மாதிரி சொன்னார்கள். பஸ் சரணத்துக்கு ஆண்கள் நாற்காலியிலிருந்தும் குரல் வந்தது. நனைந்த நெல்லுக்கு ஊரே கத்தியது. சல்சா ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழவில்லை.

கடைசி சரணமும் முடிந்தது. முடிப்பதற்காகக் கேட்டேன்: “பொழுது சாயுது, கரையேறலாமா?”

கீபோர்டக்கா மைக்கில் “ஏறியாச்சு!” என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை. “ஏறல!” என்று ஊர் அதை மூடிவிட்டது.

மறுபடி கேட்டேன். “ஏறல!” இன்னொரு தடவை கேட்டேன். “ஏறல! இன்னும் ஏறல!” பேடண்ணன் நிறுத்தப் பார்த்தார், கை தட்டல் தாளத்தை நிறுத்தவிடவில்லை. நான் முதல் சரணத்தைத் திரும்ப எடுத்தேன்.

“அது பாடியாச்சு தம்பி! வேற எடு!” என்று அந்த பஸ் பெண் கத்தினாள்.

வேறு என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

திரும்பிப் பேடண்ணனைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முதல் நாற்காலியைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். கைகள் வாசித்துக்கொண்டே இருந்தன. பிறகு மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பாடித் தொலைய்யா,” என்றார்.

“கரைமேல நின்னவருக்குக் கறுப்புக் குடை...”

கை தட்டல் நின்றது. சல்சா மட்டும் தனியாக ஓடியது.

“சேத்துல நின்னவளுக்குச் சூரியன் குடை... குடை மடங்குற நேரந்தான் கடிகாரமா?”

அந்தத் தார்ப்பாயில் நாலைந்து பேராவது அந்தக் குடையைப் பார்த்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பாடினேன். நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை.

“கொண்டா அந்தக் குடையை... கரையேறலாமா?”

பதில் இல்லை. அப்போது தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு அம்மா எழுந்தார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெல்ல, முழுசாக நிமிர்ந்தார். போகப்போகிறார், எல்லாரும் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

“ஏறியாச்சு போடா!” என்றார் அவர்.

“ஏறியாச்சு!” என்று தார்ப்பாய் எழுந்தது. குலவை கிளம்பியது. நடவு வயலில் போடுகிற அதே குலவை, ஒலிபெருக்கியையும் கீபோர்டையும் மீறிக்கொண்டு. எழுந்தவர்கள் போகவில்லை, நின்ற இடத்தில் ஆடினார்கள். பேடண்ணன் இரண்டு குச்சியையும் சேர்த்து ஒரு அடி அடித்துப் பாட்டை முடித்தார். அந்தப் பாட்டு எங்கே முடிய வேண்டும் என்று எங்களைவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது விழாக் குழுத் தலைவர் மேடைப் பக்கம் வந்தார். பேடண்ணன் முன்னால் ஓடி, “அண்ணே, அது வந்து, தம்பி சின்னப் பையன்...” என்று இழுத்தார். தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எங்க அப்பா குடையத்தான பாடுன?”

நான் ஒயரைக் கீழே வைத்தேன். பொய் சொல்லவும் தோன்றவில்லை, மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை.

“பரண்ல இன்னும் கெடக்கு. துணியெல்லாம் போச்சு, கம்பிதான் மிச்சம்,” என்றார். தன் போனை எடுத்து மணி பார்த்தார். “பாட்டு நல்லாருந்துச்சு. எனக்குப் புடிக்கல. ஆனா நல்லாருந்துச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் எம்.ஏ. விடைத்தாள்களுக்குக்கூட அப்படி ஒரு நேர்மையான மதிப்பெண் கிடைத்ததில்லை.

வேனில் பேடண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “அந்தக் குடைய கடைசியிலயே வையி. இனிமே அதான் முடிப்பு.” கீபோர்டக்கா என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிமிர்ந்து காட்டினார்.

இப்போது எங்கள் குழுவின் பேனரில், மெல்லிசை என்று போட்ட வரிக்குக் கீழே, ‘மற்றும் சொந்தப் பாடல்கள்’ என்று ஒரு வரி உண்டு. அதற்குப் பிறகு நான் கட்டிய பாட்டுகள் இருக்கின்றன. வடிகால் பற்றி ஒன்று, வெளிநாட்டு வேலைக்குப் போனவனைப் பற்றி ஒன்று. சில ஊர்களில் எடுபடும், சிலதில் எடுபடாது. கரையேறலாமா பாட்டை மட்டும் எந்த ஊரிலும் நானாக முடித்ததில்லை.

நன்னிலம் கச்சேரிக்கு மறுநாள் காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் வயலில் இருந்தாள். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

“அந்தப் பாட்டப் பாடுனேம்மா.”

“எந்திரிச்சுப் போயிட்டாங்களா?” என்றாள் உடனே.

“எந்திரிச்சாங்க. போகல.”

போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு அவள் மற்றவர்களிடம் கத்துவது கேட்டது. “ஏய், எம் புள்ள பாட்டுக்கு நன்னிலத்துல எந்திரிச்சு நின்னாங்களாம்டி! யாரும் போகலயாம்!”

“நாம போனோமே, அத இன்னுமா நெனப்பு வச்சிருக்கான்?” என்றது ஒரு குரல். அந்தச் சித்தியின் குரல்.

“கேட்டுச்சா?” என்றாள் அம்மா என்னிடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “சரி, வையி. இன்னும் நாலு முடி நாத்து நடாமக் கெடக்கு. நாங்க இன்னும் ஏறல.”